லொரெட்டாவுக்குப் பிடித்த ஆமை

பெர்னடீனுக்கு ஆமை மேல் எந்த ஆசையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்தக் கோடை முழுக்க ஈரி என்ற ஏரிக்கரை ஊரில் அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும், இந்தப் பொம்பளைக்கு அறுபத்தெட்டு வயதில் ஆமைப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். ஏரிக்கரையில் ஆமை விசாரித்தாள். பொருட்காட்சியில் ஆமை விசாரித்தாள். தேவாலயத்துச் சமையலறையில் நாலு பேரோடு உட்கார்ந்து பியரோகிக் கொழுக்கட்டை பிடிக்கும்போதுகூட, உங்களுக்குத் தெரிந்து யாரிடமாவது நல்ல ஆமை இருக்கிறதா என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியது ஆமை இல்லை. அவளுக்கு வேண்டியது அரிசோனா.

அவளோடு பிளாஸ்டிக் ஆலையில் வேலை பார்த்த ஜெனிவீவ், ஓய்வு பெற்ற கையோடு அரிசோனாப் பாலைவனத்துக்குப் போய், சக்கர வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு குடியிருப்பில் இடம் பிடித்துவிட்டாள். அவள் வீட்டில் இரண்டு அறை, ஒன்று காலி. "பனி விழறதுக்குள்ள வந்து சேரு, பெர்னி. இங்க ஜனவரில செருப்பப் போட்டுக்கிட்டு நடக்கறேன்" என்று போனில் சொன்னாள். ஜனவரியில் செருப்பு! அன்றைக்கு இரவு பெர்னடீனுக்குத் தூக்கம் வரவில்லை. ஈரியில் ஜனவரி என்றால் ஏரி கிளம்பி வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிற மாதம். காலையில் வாரிக் கொட்டிய பனி மதியத்துக்குள் மறுபடியும் முழங்கால் அளவு நிற்கும். கணவன் ரேமண்ட் இருந்த காலத்தில் அவனுக்கு இடுப்புவலி, அதனால் அவள் வாரினாள். அவன் போன பிறகு அவன் இல்லை, அதனால் அவள் வாரினாள். மணமான நாளிலிருந்து அந்த வீட்டு வாசலில் வேறு யாரும் மண்வெட்டியைத் தொட்டதில்லை.

வேலையிலும் அவளுக்குச் சொகுசு கிடையாது. முப்பது சொச்சம் வருடம் மூடி பார்த்தாள். ஷாம்பு மூடி, மருந்து மூடி, கெட்ச்சப் மூடி. இயந்திரப் பட்டையில் ஓடிவருகிற மூடிகளில் எது கோணல், எது பிசிறு என்று பார்த்துப் பொறுக்கி எறிகிற வேலை. அந்தக் கண் ஓய்வு பெறவே இல்லை. வீட்டில் விரிப்பு அரை அங்குலம் கோணி இருந்தாலும் அவளுக்கு உடம்பு அரிக்கும். போகிறேன் என்று ஒரு முடிவு எடுத்துவிட்டாள் என்றால் அதிலும் பிசிறு இருக்கக் கூடாது அவளுக்கு.

பிசிறு இருந்தது. பெயர் லொரெட்டா.

லொரெட்டா அவளுடைய ஒரே தங்கை. அக்காவுக்கு நாலு வயது இளையவள், கல்யாணம் ஆகாதவள். தேவாலயப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்தாள். பள்ளிக்கூடத்தை மூடினார்கள், அதே வருடம் ரேமண்ட் இறந்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் வந்ததுதான். கார் ஓட்ட வராது. பெர்னடீன் கற்றுக்கொடுத்துப் பார்த்தாள், அது தேவாலயத்து வேலியோடு முடிந்தது. கடைக்கு, கோயிலுக்கு, பல் வைத்தியரிடம், வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கிற கிளப்புக்கு எல்லாம் அக்காவின் கார்தான். பெர்னடீன் பித்தப்பை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லொரெட்டா வீட்டு விளக்கு அத்தனையையும் எரியவிட்டு, பகலும் இரவும் டிவி முன்னால் உட்கார்ந்து, வெறும் உப்பு பிஸ்கட்டைத் தின்றே காலம் தள்ளியிருந்தாள். பள்ளிக்கூடம் முழுக்கச் சோறு போட்டவள், தனக்கென்று ஒரு முட்டையைப் பொரிக்கவில்லை. கேட்டதற்கு, "ஒரு ஆளுக்காக எவ அடுப்பு பத்த வெப்பா?" என்றாள்.

இவளை இப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது? வீட்டில் உயிரோடு இன்னொன்று இருக்க வேண்டும், அதற்கு வேளாவேளைக்குத் தீனி போட வேண்டும், அந்தச் சாக்கில் இவளும் சாப்பிடுவாள். பெர்னடீன் போட்ட கணக்கு இதுதான். நாய் ஆகாது, சின்ன வயதில் கடி வாங்கியவள். பூனை வந்தால் தும்மியே செத்துப்போவாள். கூண்டில் பறவையைப் பார்த்தால் அழுவாள். இப்படித் திண்டாடிக்கொண்டிருந்தபோது, மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைத் தீவுக்குப் போனார்கள். அங்கே குட்டையில் மிதந்த மரக்கட்டையில் ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. "எவ்வளவு நிம்மதியா இருக்குங்க பாரு, பெர்னி" என்றாள் லொரெட்டா. அவ்வளவுதான் சொன்னாள். பெர்னடீனுக்கு அது போதும்.

ஆமை வர வேண்டும், தங்கை அதோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு அரிசோனா விஷயத்தை மெதுவாக எடுக்க வேண்டும், பனிக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். லொரெட்டாவிடம் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை.

முதல் ஆமையை அவளே வாங்கி வந்தாள். ஏரிக்கரையில் விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு கொட்டகையில், பிளாஸ்டிக் பனைமரம் வைத்த சின்னத் தொட்டிக்குள் காசு அளவுக்கு ஒரு குஞ்சு நீந்திக்கொண்டிருந்தது. லொரெட்டா அதைப் பார்த்தாள். எழுந்து போய் மேசை இழுப்பறையிலிருந்து அளவுகோலை எடுத்து வந்து குஞ்சின் முதுகுக்கு நேரே பிடித்தாள்.

"ரெண்டு அங்குலம்கூட இல்ல. நாலு அங்குலம் இல்லாத ஆமைய விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியுமா?"

"அவன் விக்கல. தொட்டிக்குத்தான் காசு வாங்கினான். ஆமை சும்மா."

"அப்ப கள்ளத்தனத்துக்குத் தொட்டி வாங்கிட்டு வந்திருக்க."

"நீ எப்ப போலீஸ்ல சேந்த?"

"சின்னப் பிள்ளைங்க இத வாயில போட்டுக்கும், காய்ச்சல் வரும், வயித்தால போகும். அதுக்காகப் போட்ட சட்டம்."

"இந்த வீட்ல எந்தச் சின்னப் பிள்ளை இருக்கு? நீ வாயில போட்டுக்கப் போறியா?"

லொரெட்டா அளவுகோலைத் துடைத்து இழுப்பறையில் வைத்தாள். "நான் சனிக்கிழமை ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும். இத வீட்ல வெச்சுக்கிட்டு என்னால போக முடியாது" என்றாள். இதற்கு மேல் என்ன பேசுவது? மறுநாள் பெர்னடீன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

கடைக்காரன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "தொட்டிய வேணா திருப்பி எடுத்துக்கறேன், கண்ணு. ஆமை இனாமாக் குடுத்தது. இனாமத் திருப்பி வாங்கற வழக்கம் நம்மகிட்ட இல்ல."

பெர்னடீன் வாக்குவாதம் செய்யவில்லை. கொட்டகை வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழந்தையோடு வருகிற ஒவ்வொரு தாயிடமும் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் பற்றி விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஐஸ்கிரீமோடு வந்த ஒரு சிறுமி அழுததும் கடைக்காரன் ஓடிவந்து ஆமையை வாங்கிக்கொண்டான்.

அடுத்தது கண்காட்சி மைதானத்துக் கொட்டகையில் நடந்த பாம்பு, பல்லி, ஆமைச் சந்தை. கழுத்தில் மலைப்பாம்பைத் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு பையன்கள் திரிந்தார்கள். பெர்னடீனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கையை மேசை மேசையாக இழுத்துக்கொண்டு போனாள். எல்லாம் சட்டப்படி வளர்ந்த ஆமைகள். லொரெட்டாவின் அளவுகோலுக்கு அங்கே வேலை இல்லை. வாய்க்கு வேலை இருந்தது.

"இது தூங்குமூஞ்சி."

"சரி, இது?"

"இது என்னப் பாத்துட்டு வேணும்னே அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு."

"இதுக்கு என்ன குறை? சுறுசுறுப்பா இருக்கு."

"இதப் பாத்தா நம்ம எட்மண்ட் சித்தப்பா மாதிரியே இருக்கு, பெர்னி. அதே கழுத்து. வீட்ல வெச்சுக்கிட்டா அவரு வந்து உக்காந்த மாதிரியே இருக்கும்."

பெர்னடீன் தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்கு மாப்பிள்ளையா பாக்கறேன், லோரி? ஆமை! ஒரு ஓடு, நாலு காலு! எதையாவது ஒண்ணக் கை காட்டு!"

"மாப்பிள்ளை பாத்தப்பவும் நீ இப்படித்தான் அவசரப்படுத்தின. யாரு? ஸ்டான்லி. அவன் இப்ப எங்க இருக்கான்? ஜெயில்ல இருக்கான்."

பக்கத்தில் நின்ற வியாபாரி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெர்னடீன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. மேற்கே ஒரு பண்ணைக்காரன் வீட்டு ஆமை, பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் கொடுப்பதாகச் சொன்ன ஆமை, விவாகரத்தான தம்பதி ஆளுக்கொரு பக்கம் இழுத்து இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று ஆகிப்போன ஆமை என்று எதையும் பெர்னடீன் விட்டுவைக்கவில்லை. ஒன்று நாற்றம். ஒன்றுக்கு நகம் நீளம். ஒன்று சோகமாக இருந்தது. "நமக்கே சோகம் போதும்" என்றாள் லொரெட்டா. ஆயிரம் மூடியில் ஒரு கோணல் மூடியைக் கண்டுபிடித்தவள் பெர்னடீன். அவள் தங்கைக்கோ அத்தனை மூடியும் கோணலாகத் தெரிந்தன. இது நம் குடும்பத்துக் கண்தான், என்னிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்தது, இவளிடம் சும்மா கிடந்து கெட்டுப்போய்விட்டது என்று பெர்னடீன் மனதுக்குள் கொதித்தாள். மரத்தில் இலை பழுக்க ஆரம்பித்துவிட்டது. ஜெனிவீவ் போன் செய்து, வருகிறாயா இல்லையா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டாள்.

கடைசியில் வினிஃப்ரெட் என்ற ஒருத்தியைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், கைவிடப்பட்ட ஆமைகளைத் தன் வீட்டு நிலவறையில் வைத்துக் காப்பாற்றுகிறாள். இந்தப் பக்கத்தில் அதற்குக் குறைவே இல்லை. கோடையில் பிள்ளைக்கு இனாமாகக் கிடைத்த காசளவு ஆமை, சில வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிடும். உடனே அப்பாக்காரன் அதை வாளியில் போட்டுக்கொண்டு போய் யாரும் பார்க்காதபோது ஏரிக்கரைக் குட்டையில் கொட்டிவிட்டு, அது சுதந்திரமாக இருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லிவிடுவான். "சுதந்திரம்! அவனுங்கள அந்தத் தண்ணில தள்ளிவிடணும்" என்பாள் வினிஃப்ரெட். ஆமையை விலைக்குத் தர மாட்டாள். தகுதியான வீட்டுக்குச் சும்மா தருவாள். தகுதியை அவளே நேரில் வந்து பார்ப்பாள்.

வந்தாள். பேருந்தில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில் அக்கா தங்கை இருவரையும் சோபாவில் உட்காரச் சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றினாள். ஜன்னலில் வெயில் எத்தனை மணி வரை நிற்கும் என்று கேட்டாள். நிலவறைக்கு இறங்கிப் போய்க் கூடத்துத் தரையைத் தாங்குகிற உத்தரங்களைத் தட்டிப் பார்த்தாள்.

"கண்ணாடித் தொட்டியெல்லாம் பத்தாது. மாடு தண்ணி குடிக்கற தகரத் தொட்டி இருக்குல்ல, அது வேணும். ஜன்னல் ஓரமா. அந்த டிவிய எடுத்துடுங்க."

"டிவியையா?" என்றாள் பெர்னடீன்.

"ஆமைக்கு வெயில் வேணும். உங்களுக்கு டிவி வேணுமா?"

பெர்னடீனுக்கு வாய்வரை வந்தது. அரிசோனாவை நினைத்து விழுங்கிக்கொண்டாள். இந்தக் கூத்தை மாடியில் குடியிருக்கும் தில் மாயாவும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டான் பக்கமிருந்து அகதியாக வந்த குடும்பம், முதியோர் இல்லத்தில் வேலை. "ஆமை வருதா? நல்லது. எங்களுக்கு அது சாமி" என்றாள். "உங்களுக்கு எதுதான் சாமி இல்ல?" என்று பெர்னடீன் எரிந்து விழ, "பனி" என்றாள் தில் மாயா. லொரெட்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை வினிஃப்ரெட்டின் நிலவறைக்குப் போனார்கள். விளக்கு எரிகிற தொட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடுகிற சத்தம். பெர்னடீன் ஒன்றும் எதிர்பார்க்காமல் படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டாள். லொரெட்டா ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனவள், கடைசித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

அதற்குள் ஒரு கிழட்டுப் பெண் ஆமை. காதோரம் சிவப்புக் கோடு மங்கிப்போயிருந்தது, ஓட்டின் விளிம்பில் ஒரு சில்லு உடைந்திருந்தது. அது மரக்கட்டையில் ஏறி, கழுத்தை நீட்டி, இமைக்காமல் லொரெட்டாவையே பார்த்தது.

"பெர்னி, இங்க வாயேன். இது யாரு சொல்லு."

பெர்னடீன் வந்து எட்டிப் பார்த்தாள். ஆமை அவளைப் பார்த்து உஸ் என்று சீறியது.

"சிஸ்டர் ஹெட்விக்!" என்றாள் லொரெட்டா. மூன்றாம் வகுப்பில் இருவருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி. அப்படித்தான் பார்ப்பார். லொரெட்டாவை அவருக்குப் பிடிக்கும், பெர்னடீனைக் கண்டால் ஆகாது. லொரெட்டா தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டுவிட்டாள். நாற்றம் என்று சொல்லவில்லை, நகம் என்று சொல்லவில்லை. வினிஃப்ரெட் கொடுத்த மண்புழுவைத் தன் கையாலேயே வாங்கி நீட்டினாள். உப்பு பிஸ்கட் தின்ற லொரெட்டா! பெர்னடீன் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். முடிந்தது, இன்றைக்கே ஜெனிவீவுக்குப் போன் போட்டுவிடலாம்.

வினிஃப்ரெட் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஒரு விஷயம். ஆமைன்னா லேசுப்பட்ட ஆயுசு இல்ல. ஒரே ஆளை நம்பி நான் குடுக்கறதில்ல. ஆஸ்பத்திரில படுத்துட்டா யாரு பாக்கறது? கூடவே இன்னொரு ஆள் இருக்கணும். யாரு அது?"

லொரெட்டா மண்டியிட்டபடியே திரும்பி அக்காவைப் பார்த்தாள். "சொல்லு, பெர்னி. நீ இருப்பியா?"

"இருப்பேன்" என்று ஒரு வார்த்தை. சொல்லிவிட்டு ஆமையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? பெர்னடீன் அந்தக் கோடை முழுக்கச் சொல்லாமல் மறைத்தாளே தவிர, பொய் என்று ஒன்றைச் சொன்னதில்லை. "பாக்கலாம்" என்றாள்.

"பாக்கலாம்னு ஒரு ஆள் கிடையாது. வேற ஒருத்தங்களும் இந்த ஆமையக் கேட்டிருக்காங்க. நாளைக்குள்ள ஒரு பேரச் சொல்லுங்க" என்றாள் வினிஃப்ரெட்.

வீட்டுக்குக் கிளம்பினார்கள். பேக்கரிக்கு முன்னால் பெர்னடீன் காரை நிறுத்தினாள். கோபம் வந்தால் அவளுக்குப் பசிக்கும். கார இறைச்சி அடைத்த பெப்பரோனி ரொட்டி உருண்டை ஒரு பொட்டலம் வாங்கி வந்து, ஒன்றைத் தங்கையிடம் நீட்டினாள். லொரெட்டா அதைப் பிட்டுக்கொண்டே முன்னால் பார்த்தபடி சொன்னாள்.

"நீலத் திரைச்சீலை வாங்கிட்டாளாமா ஜெனிவீவ்?"

"எந்தத் திரைச்சீலை?"

"உன் ரூமுக்கு. ஜூன் மாசம் போன் பண்ணினா. நீ புல்லு வெட்டிக்கிட்டிருந்த. நான்தான் எடுத்தேன். என் குரல் உன் குரல் மாதிரி இருக்குமில்ல, நீன்னு நெனச்சுக்கிட்டா. மஞ்சளா நீலமான்னா. நீலம்னு சொல்லிட்டேன். உனக்கு மஞ்சள் ஆகாது."

பெர்னடீன் கையிலிருந்த உருண்டையை அப்படியே பொட்டலத்தில் வைத்தாள். ஜூனிலிருந்து! தலைக்குள் எல்லாம் வரிசையாக ஓடிவந்தது. தூங்குமூஞ்சி, எட்மண்ட் சித்தப்பா, நகம், சோகம்.

"அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா இந்த ஆட்டம் ஆடின? எத்தன ஊருக்கு உன்ன இழுத்துக்கிட்டு அலைஞ்சேன்! எத்தன பாம்பு பாத்தேன் உன்னால!"

"ஆமை வந்துட்டா நீ போயிடுவ. வரலேன்னா போக மாட்ட. நான் வேற என்ன பண்ணட்டும்?"

"வாயத் தொறந்து, போகாதேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா இருந்திருப்ப. இருந்துக்கிட்டு, ஒவ்வொரு தடவ பனி வாரும்போதும் ஜன்னல் வழியா என்னப் பாப்ப. அதுக்கு நீ போயிடறதே மேல்." லொரெட்டாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவள் குரல் உயர்வதே அபூர்வம். "நீ மட்டும் வாயத் தொறந்தியா? போறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? குழந்தைக்குப் பொம்மை குடுத்துட்டு அம்மாக்காரி கொல்லப்பக்கமா ஓடற மாதிரி எனக்கு ஆமை குடுத்துட்டு ஓடப் பாத்த. எனக்கு அறுபத்திநாலு வயசு, பெர்னி!"

பெர்னடீன் காரைக் கிளப்பினாள், மறுபடியும் அணைத்தாள்.

"சரி, இப்ப என்னதான் சொல்ற? வேண்டாம்னு வினிஃப்ரெட்டுக்குப் போன் போட்டுடவா?"

லொரெட்டா கையிலிருந்த உருண்டையைப் பிசைந்தாள். பிறகு அழுகிற குரலில் சொன்னாள். "அதான் சனியன். இந்த ஆமை எனக்கு நெஜமாவே பிடிச்சுப்போச்சு."

அன்று மாலை லொரெட்டா மாடிப்படி ஏறினாள். அந்த வீட்டுக்கு வந்த இத்தனை காலத்தில் அவள் யாரிடமும் எதையும் கேட்டு ஒரு கதவைத் தட்டியதில்லை. தட்ட வேண்டியதையெல்லாம் பெர்னடீனே தட்டிவிடுவாள். கீழே சமையலறையில் நின்ற பெர்னடீனுக்கு, இவள் மேலே போய் என்ன உளறுகிறாளோ என்று இருப்புக்கொள்ளவில்லை. நானும் வரேன் என்று இரண்டு படி ஏறியவள், மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டதும் இறங்கிவிட்டாள். ரொம்ப நேரம் கழித்து லொரெட்டா கையில் ஒரு கிண்ணம் ஊறுகாயோடு வந்தாள். "தில் மாயா சரின்னுட்டா. நான் படுத்துட்டா ஆமைய அவ பாத்துப்பா. அவ நைட் ஷிப்ட் போறப்ப நான் சமைச்சு வெக்கணும். பேசி முடிச்சாச்சு." வினிஃப்ரெட்டுக்குப் போன் செய்ததும் அவளே.

அதற்குப் பிறகு பெர்னடீன் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. தகரத் தொட்டி வந்தது. அவள் ஒரு பக்கம் பிடிக்கப் போனாள். "நீ வழில நிக்காத, பெர்னி" என்று சொல்லிவிட்டு லொரெட்டாவும் தில் மாயாவின் கணவனும் தூக்கிப் போனார்கள். டிவி மூலைக்குப் போனது. நாலரை மணிக்கு ஆமைக்குக் கீரை, ஐந்து மணிக்கு லொரெட்டா அடுப்பைப் பற்றவைத்தாள். மாடிக்கும் கீழுக்குமாக முட்டைக்கோஸ் வாசனை அடித்தது. கொதிகலனுக்கு எண்ணெய்க்காரன் எப்போது வருவான் என்று பெர்னடீன் சொல்ல ஆரம்பித்தால் "தெரியும்" என்றாள். குழாய் உறையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்றால் "தெரியும்" என்றாள். எல்லாம் தெரிந்தவள் இத்தனை வருடம் எதற்காக என்னைக் காரோட்டியாக வைத்துக்கொண்டாள் என்று பெர்னடீன் போனில் ஜெனிவீவிடம் பொரிந்து தள்ளினாள். ஆமை மட்டும் அவள் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் தவறாமல் சீறியது.

அக்டோபர் கடைசியில், புல்லில் முதல் உறைபனி படிந்திருந்த ஒரு காலையில், காரில் பெட்டிகள் ஏறிவிட்டன. பெர்னடீன் வாசலில் நின்று இஞ்சினைச் சூடாக்கினாள். லொரெட்டா வெளியே வரவில்லை. இதோ வருவாள், கோட்டைத் தேடுகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. வழியனுப்பக்கூட ஒரு ஆள் வரக் கூடாதா? ஹார்ன் அடித்தாள். எதிர்வீட்டு நாய்தான் குரைத்தது. பொறுக்கமுடியாமல் இறங்கிப் படியேறிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

லொரெட்டா கூடத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை ஈரம். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் பதறிப்போய் ஈரக்கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராத, பெர்னி. அங்கயே நில்லு. நான் வெளிய வந்தா உன்னப் போக விட மாட்டேன். அதான் வரல. போ. திரும்பிப் பாக்காம போயிடு."

பெர்னடீன் நின்றாள். கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தால் அரிசோனா இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. தொட்டிக்குள்ளிருந்து ஆமை தலையை நீட்டி அவளைப் பார்த்துச் சீறியது.

"போறேன்டி" என்றாள். கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

காரில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். ரேமண்டின் சாவுக்குக்கூட அவள் இப்படி அழுததில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் காரைக் கிளப்பினாள். பக்கத்து மாநிலமான ஓஹியோவின் எல்லை வரும்வரை அந்த ஆமையை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனாள்.